மந்திரிக்காத மண்

எங்கள் பங்கின் பழைய மரணப் புத்தகங்கள் நான்கு இப்போது என் வீட்டு மேசைமேல் கிடக்கின்றன. கரையான் தின்றதுபோக மிச்சம் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று பங்குப்பேரவையில் முடிவாயிற்று. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறவன், லத்தீனையும் தடவித் தடவிப் படித்துவிடுவான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். படிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாய்பாடுதான்: பேர், வயசு, தகப்பன் பேர் அல்லது புருஷன் பேர், செத்த நாள், என்னென்ன தேவதிரவிய அனுமானங்கள் பெற்றார், யார் கையால் பெற்றார், எந்த நாளில் எந்த இடத்தில் அடக்கம். 1917-ல் ரோமாபுரி வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு கேட்ட விவரங்கள் இவை. பங்குச் சாமியார்கள் மாறுவார்கள், கையெழுத்து மாறும், மை மாறும், வரிசை மாறாது.

இரண்டாவது புத்தகத்தில் பாதி தாண்டியபோதுதான் ஒன்று உறைத்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சில சாவுகள் புத்தகத்தில் இல்லை. அம்மை சொல்லி நான் கேட்ட பேர்கள், கதைகளில் இப்போதும் அடிபடுகிற பேர்கள். அந்த வருஷத்தைப் புரட்டினால் மேலே ஒரு கிழவர், கீழே ஒரு பேறுகாலச் சாவு, நடுவில் இருக்க வேண்டியவர் இல்லை. அவர்களெல்லாம் சாமியார் கணக்கில் வராமல் என் பாட்டா கணக்கில் மட்டும் வந்தவர்கள்.

பாட்டாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நாற்பது வருஷம்போலக் குழி வெட்டினார். முதலில் கூலி தேங்காயும் நெல்லுமாக வந்தது, கடைசிக் காலத்தில் ரூபாயாக. தொழில் சாமான் மூன்று: மம்பட்டி, கம்பிப்பாரை, மண் அள்ள ஒரு ஓலைக்கடவம். அளப்பதற்கு ஒரு மூங்கில் கம்பு, அதில் கத்தியால் கீறிய அடையாளங்கள். எங்கள் மண்ணில் மேலே முழங்கால் ஆழத்துக்குச் செம்மண், அதற்குக் கீழே சரல். இடவப்பாதி மழையில் பாரை தானாக இறங்கும். கோடையில் பொறி பறக்கும். வெட்டி முடித்ததும் கம்பைக் குழிக்குள் விட்டுப் பார்ப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் வெட்டினாலும் அந்தப் பக்கம் வெட்டினாலும் ஆழம் ஒன்றுதான் என்பதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. குறைத்து வெட்டினால் நாய் தோண்டும், அதனால்தான் என்பார்.

அந்தப் பக்கம் என்று சொன்னேன். தோட்டத்தின் மேற்குச் சுவரில் ஒரு ஆள் ஒருக்களித்துப் புகுகிற அளவுக்கு ஒரு திறப்பு இருந்தது. அதற்கு அப்பால் ஒரு துண்டு நிலம், இரண்டு கொல்லாமரம், எருக்கு, தும்பை. சிலுவை ஒன்றுகூடக் கிடையாது. தெம்மாடிக்குழி என்போம். தெம்மாடி மலையாளச் சொல்: போக்கிரி, அடங்காதவன், யாருக்கும் ஆகாதவன். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்தானே. எல்லையைக் கோடு போட்டு மாற்றினார்கள். நாக்கில் இருந்ததை என்ன செய்ய முடியும்? தண்ணீர்ச் சண்டையில் பெண்கள் எல்லா வசவும் தீர்ந்த பிறகு கடைசியாக எடுப்பது இதைத்தான்: "நீ தெம்மாடிக்குழியிலதாண்டி போவ." அதற்கு மேலே திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது. இருவரும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த நிலத்தை ஏதோ ஊர்க்காரர்கள் கல்நெஞ்சத்தால் ஒதுக்கினார்கள் என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சட்டமே கேட்டது. 1917 தொகுப்பின் 1212-ம் பிரிவு, மந்திரித்த கல்லறை தவிர, கிடைக்குமானால், அடைப்பும் காவலும் உள்ள வேறொரு இடமும் வேண்டும் என்கிறது, திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டவர்களைப் புதைக்க. யாருக்கு மறுப்பது என்பது 1240-ம் பிரிவில் இருக்கிறது. விசுவாசத்தை வெளிப்படையாக விட்டவர்கள், ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தவர்கள், தீர்ப்புச் சொல்லிச் சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர்கள், புத்தியோடும் மனதோடும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள், துவந்த யுத்தத்தில் செத்தவர்கள், தம் உடலை எரிக்கும்படி சொல்லி வைத்தவர்கள், மற்றபடி ஊரறிந்த பாவிகள். ஞானஸ்நானம் பெறாதவர்கள் அதற்கு முந்தின பிரிவிலேயே வெளியே நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள். பிறந்த மணிநேரத்தில் செத்த பிள்ளையும் அதில் சேர்த்தி. எங்கள் ஊரில் துவந்த யுத்தம் நடந்ததாகத் தெரியவில்லை. வரப்பு வெட்டில் மண்டை உடைந்து செத்தவர்கள் உண்டு, அவர்களைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் இந்தப் பிரிவில் இரண்டு சந்து இருந்தது. சாவதற்கு முன்னால் மனஸ்தாபத்தின் அடையாளம் ஏதாவது காட்டியிருந்தால் மறுப்பு இல்லை. சந்தேகம் இருந்தால் ஆயரைக் கேட்க வேண்டும். கேட்டும் சந்தேகம் தீராவிட்டால் மந்திரித்த மண்ணிலேயே புதைக்கலாம், ஊருக்கு இடறல் வராதபடி பார்த்துக்கொண்டால் போதும். இந்த இரண்டு சந்துக்குள்ளும் நுழைந்து போனவர்களின் கதைதான் எனக்குச் சொல்ல வேண்டியது.

நுழைய முடியாமல் போனவர்களும் உண்டு. மலையாள விமர்சகர் எம்.பி. பால் 1952 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இறந்தார். வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகாலசகி' 1944-ல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர். எழுத்தாளர்கள் கூடி நடத்திய சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தின் முதல் தலைவர். சபை அதிகாரிகளோடு அவருக்கு நெடுநாள் பிணக்கு. அவருக்குக் கிடைத்தது தெம்மாடிக்குழி. வாய்விட்டுச் சண்டை போட்டவருக்கும் கள்ளுக்கடையில் விழுந்து செத்தவனுக்கும் தாய் முகம் பார்க்காத பிள்ளைக்கும் ஒரே மூலை. எம்.பி. பால் எழுதியதைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அவருக்குக் குழி வெட்டியவர் என் பாட்டாவைப்போல ஒருவராகத்தான் இருந்திருப்பார் என்பதுதான்.

இந்த வழக்கம் எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் போனால் அங்கே ஒரு ஆறுதல் வார்த்தை நிற்கிறது. அதுதான் எனக்கு ஆச்சரியம். 410-ல் கோத்தியர்கள் ரோமாபுரியைச் சூறையாடினார்கள். பெண்கள் பலர் மானபங்கப்பட்டார்கள். மானம் போனவள் உயிரோடு இருக்கலாமா என்று பழைய ரோமர்கள் கேட்கிற காலம். அர்ச். அகுஸ்தீனார் தம்முடைய பெரிய நூலின் முதல் பகுதியில் அதற்குப் பதில் எழுதினார்: குற்றம் செய்தவன் வேறொருவன், குற்றமில்லாத நீ ஏன் சாக வேண்டும், தன்னைக் கொல்வதும் கொலைதான். சாகாதே என்று உயிரோடு இருக்கிறவளிடம் சொன்ன வார்த்தை அது. ஒன்றரை நூற்றாண்டு போனது. 561-ல் இன்றைய போர்ச்சுக்கலில் உள்ள பிராகா நகரில் ஆயர்கள் கூடினார்கள். தன்னுயிரை மாய்த்தவர்களைப் பூசையில் நினைக்கக் கூடாது, சங்கீதம் பாடிக்கொண்டு கல்லறைக்கு எடுத்துப்போகக் கூடாது என்று விதி எழுதினார்கள். அதே வார்த்தை இப்போது செத்தவளிடம் சொல்லப்படுகிறது. உயிரோடு இருப்பவர்களை அச்சுறுத்தித் தடுக்கத்தான் என்பார்கள். இருக்கலாம். ஒருவேளை சிலர் தடுக்கப்பட்டும் இருக்கலாம். பாட்டா மாத்திரம், அந்தத் திறப்பைக் கண்டு பயந்து யாரும் சாகாமல் இருந்ததாகத் தனக்குத் தெரியாது என்பார்.

866-ல் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பல்கேரியர்கள் பாப்பரசர் முதலாம் நிக்கோலாசுக்கு ஒரு கட்டு கேள்விகள் அனுப்பினார்கள். கால்சட்டை போடலாமா என்பதுவரை கேட்டிருக்கிறார்கள். தன்னைக் கொன்றவனைப் புதைக்கலாமா என்பதும் அதில் ஒன்று. புதைக்க வேண்டும், நாற்றம் உயிரோடு இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாதபடி, ஆனால் வழக்கமான மரியாதைகள் வேண்டாம் என்று பதில் போயிற்று. பாட்டாவின் நாய்க் கணக்கும் பாப்பரசரின் நாற்றக் கணக்கும் ஒரே ரகம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். தொழில் தெரிந்தவர்கள் முதலில் கவலைப்படுவது அதைத்தான்.

சீர்திருத்தக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்களே, இதை விட்டார்களா? இங்கிலாந்துச் சபையின் 1662 ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனையின் தலைப்பிலேயே குறிப்பு இருக்கிறது: ஞானஸ்நானம் இல்லாதவர், சபைக்குப் புறம்பானவர், தம்மேல் தாமே கைவைத்துக்கொண்டவர் ஆகியோருக்கு இது ஆகாது. அந்தப் புத்தகம்தான் தமிழாகித் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. இங்கிலாந்தில் ராஜாவின் சட்டமும் கூடச் சேர்ந்துகொண்டது. நாற்சந்தியில் புதைத்து உடலில் கழி அறைவார்கள். செத்தவன் சொத்து கிரீடத்துக்குப் போகும். புத்தி பேதலித்துச் செய்தான் என்று ஜூரிகள் சொல்லிவிட்டால் மட்டும் இரண்டும் இல்லை. ஜூரிகள் யார்? அக்கம்பக்கத்துக்காரர்கள். பெண்டாட்டி பிள்ளைகளைத் தெருவில் நிறுத்த யாருக்கு மனம் வரும்? பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிறபோது அநேகமாக எல்லாருமே புத்தி பேதலித்தவர்கள் ஆகிவிட்டார்கள். நாடே பைத்தியமாகிவிட்டதா என்று சட்டம் படித்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

இரக்கத்துக்கும் ஆள் தராதரம் இருந்தது. 1822 ஆகஸ்டில் வெளியுறவு மந்திரி காசில்ரே பிரபு தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார். ஜூரிகள் புத்தி பேதலிப்பு என்றார்கள்; வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம். அடுத்த வருஷம் ஜூனில் தகப்பனைக் கொன்று தன்னையும் கொன்ற ஒரு சட்ட மாணவனை அதே லண்டனில் நாற்சந்தியில் புதைத்தார்கள். அடுத்த மாதமே, 1823 ஜூலையில், நாற்சந்தியும் கழியும் ஒழிந்தன. கல்லறையிலேயே புதைக்கலாம் என்றார்கள், இரவு ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில், ஜெபம் இல்லாமல். இரவுக் கட்டுப்பாடு எடுபட 1882 ஆயிற்று.

குழி சம்பந்தப்பட்ட கதைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது சிசிலி ராஜா மான்ஃப்ரெடியின் கதை. பாப்பரசர்களோடு சண்டை, சபைக்குப் புறம்பாக்கப்பட்டவன். 1266-ல் பெனவெந்தோ போரில் செத்தான். எதிரிப் படையின் சிப்பாய்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டு அவன்மேல் ஒரு குவியல் எழுப்பினார்களாம். எதிரியின் கையால் கிடைத்த அந்த மரியாதைகூட நிலைக்கவில்லை. கொசென்சா நகரத்து ஆயர் எலும்புகளைத் தோண்டி எடுத்து, மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டு, ராஜ்யத்துக்கு வெளியே ஓர் ஆற்றோரத்தில் எறிந்தார் என்று எழுதுகிறார் தாந்தே. எழுதியவர் அவனை எங்கே சந்திக்கிறார் தெரியுமா? உத்தரிக்கிற ஸ்தலத்தின் வாசலில். காயத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். உயிர் போகிற நொடியில் கடவுளைப் பார்த்து அழுதான், அவ்வளவுதான் நடந்தது. அது ஆயருக்குத் தெரியாது. தாந்தேக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அவருக்கும் தெரியாதுதான். தெரியாதபோது எந்தப் பக்கம் சாய்வது என்பதில் அவர் ஆயரிலிருந்து வேறுபட்டார்.

திருச்சபை ஒரு விஷயத்தில் எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மோட்சத்தில் இருக்கிறவர்களின் பட்டியல் உண்டு, வருஷா வருஷம் நீள்கிறது, அவர்களுக்குத் திருநாளும் சப்பரமும் உண்டு. நரகத்தில் இன்னார் இருக்கிறார் என்று ஒரு பேரைக்கூட இதுவரை அது அறிவித்ததில்லை. யூதாஸ் பேரையும் சேர்த்துத்தான். கோதுமையோடு முளைத்த களையை இப்போதே பிடுங்க வேண்டாம், அறுப்புவரை இருக்கட்டும் என்று ஆண்டவர் உவமை சொன்னதை நினைத்து அடங்கினார்களோ என்னவோ. எழுத்தில் அடக்கம்தான். எழுத்தில் சொல்லாததை எங்கள் மேற்குச் சுவர் சொல்லிக்கொண்டே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைப் படித்தார்கள்.

இனி கிணற்றடிக்கு வருகிறேன். 1966. எனக்குப் பத்து வயசு. இதில் பாதி நான் கண்டது, பாதி அம்மை சொன்னது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு பெண், எனக்குச் சித்தி முறை. புருஷன் மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், இரண்டு வருஷமாக வரவில்லை. வரமாட்டான் என்பதும் ஊருக்குத் தெரியும். ஒருநாள் விடியற்காலையில் அவளைப் பொதுக்கிணற்றில் கண்டார்கள். ஆண்கள் இறங்கி எடுத்து, திண்டில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி என்று இப்போதிருக்கிற கெடுபிடியெல்லாம் அப்போது எங்கள் ஊருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடு முடியும். பெரிய விசாரணை சாமியாருடையதுதான். அவருக்கு ஆள் போயாயிற்று. சைக்கிளில் வரக் கால்மணி நேரம் ஆகும்.

பாட்டா கிணற்றை எட்டிப் பார்த்தார். துலாக் கிடையாது, அவரவர் ஓலைப்பட்டையும் கயிறும் கொண்டுவந்து கோரிக்கொண்டு போகிற கிணறு. தண்ணீர்மேல் ஒன்றும் இல்லை. திண்டில் குடம் இல்லை. பாட்டா ஒன்றும் பேசாமல் அவள் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அடுக்களை இறவாரத்தில் பட்டை மாட்டிக் கிடந்தது, கயிறு சுற்றி வைத்தபடி. எடுத்தார். குடத்தை என் கையில் தந்தார். திரும்பி வந்து, குடத்தைத் திண்டில் வைக்கச் சொன்னார். பட்டையைக் கயிற்றோடு கிணற்றுக்குள் விட்டார். தண்ணீரில் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சுற்றி இருபது பேராவது நின்றிருப்பார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்ச் சண்டைக்கென்றே பிறந்த இரண்டு பெண்கள் உட்பட.

சாமியார் வந்தார். அவரும் ஓலைப்பட்டையில் தண்ணீர் கோரி வளர்ந்த ஊர்க்காரர்தான். கைவைத்து ஜெபித்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"வெள்ளம் கோர வந்தவ சாமி," என்றார் பாட்டா. "பட்டை உள்ளே கெடக்கு. பாசி, சறுக்கிட்டு."

சாமியார் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த ஓலை எப்படி இருக்கும், இப்போது விழுந்த ஓலை எப்படி மிதக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறகு பாட்டாவின் முகத்தைப் பார்த்தார்.

"குழி எப்ப தயாராகும்?"

"சாயங்காலம் நாலு மணிக்கு."

"எங்க வெட்டப் போற?"

"நீங்க சொல்லுத எடத்துல."

"அவ அம்மைக்குப் பக்கத்துல வெட்டு," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவள் அம்மை கிடந்தது சுவருக்கு இந்தப் பக்கம். சாவு மணி அடிக்கவில்லை, பாட்டு இல்லை. சாமியார் கறுப்பு ஸ்தோலா போட்டு ஜெபத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். சந்தேகம் உண்டானால் என்று சட்டம் சொன்ன அளவைத் தாண்டவில்லை, குறைக்கவும் இல்லை. போன மாதம் மூன்றாவது புத்தகத்தில் அவளைக் கண்டேன். 31 வயசு. 'சுபித்தானேயா மோர்த்தே' என்று எழுதியிருக்கிறது. திடீர் மரணத்தால். அவ்வளவும் உண்மை.

அந்த நவம்பரில், கல்லறைத் திருநாள் பிரசங்கத்தில் அவர் ஆர்ஸ் ஊர்ப் பங்குச் சாமியார் ஜான் மரிய வியானியின் கதையைச் சொன்னார். பாலத்திலிருந்து குதித்துச் செத்தவனின் மனைவி அழுதுகொண்டு வந்தாளாம். பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் அவனுக்கு மனஸ்தாபப்பட நேரம் இருந்தது என்று அவர் தேற்றி அனுப்பினாராம். எல்லாச் சாமியார்களும் சொல்கிற கதைதான். அன்றைக்கு எங்கள் கோயிலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று அம்மை சொல்வாள்.

வளர்ந்த பிறகு பாட்டாவிடம் கேட்டேன். "சாமியாருகிட்ட பொய் சொன்னீங்களா பாட்டா?"

"பட்டை கெணத்துக்குள்ளதான கெடந்து? இதுல பொய் எங்கடே இருக்கு?" வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "அவ சறுக்குனாளா சாடுனாளான்னு எனக்குத் தெரியாது. சாமிக்கும் தெரியாது. தெரிஞ்சவரு ஒருத்தர் உண்டும். அவரு நம்மகிட்ட வந்து கேக்கல்லியே."

பாட்டாவைப் போன்றவர்களைப் பற்றித் திருச்சபைக்கு முன்பே தெரியும். நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் திமோத்தேயு என்று ஒரு பிதாப்பிதா இருந்தார், 385 வரை. குருக்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் கொடுத்த பதில்கள் கீழைச் சபைகளில் சட்டமாகவே நிற்கின்றன. சுயபுத்தி இல்லாமல் தன்னை மாய்த்தவனுக்காகப் பூசை செய்யலாமா என்று ஒரு கேள்வி. செய்யலாம் என்கிறார். கூடவே ஒரு எச்சரிக்கை: சொந்தக்காரர்கள் பூசை வேண்டும் என்பதற்காகப் பல தடவை பொய் சொல்வார்கள், ஆகவே குருவானவர் நன்றாக விசாரிக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பிராகா ஆயர்களுக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்னாலேயே பட்டையைக் கிணற்றில் போடுகிற பாட்டாக்கள் எகிப்தில் இருந்திருக்கிறார்கள்.

பாட்டா மட்டுமா, எங்கள் வயத்தாட்டிக் கிழவியும் இதே ஜாதிதான். பேறுகாலத்தில் பிள்ளைக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அந்த மந்திரத்தைச் சாமியார்களே வயத்தாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்து வைப்பார்கள். உயிர் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. செத்தே பிறந்தால் பிள்ளை திறப்புக்கு அந்தப் பக்கம், பேரில்லாமல். கிழவி முந்தானையில் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் வைத்திருப்பாள். வீட்டிலிருந்து வெளியே வந்ததும் சாமியார் கேட்பார், உயிர் இருந்ததா என்று. "இமை அசஞ்சுது சாமி," என்பாள். அவள் பேறு பார்த்த காலத்தில் இமை அசையாத பிள்ளை ஒன்றுகூடப் பிறந்ததில்லை. அவள் செத்த பிறகு, வேறொருத்தி வந்த பிறகு, அந்தப் பக்கத்தில் மறுபடி சின்னக் குழிகள் வெட்ட வேண்டி வந்தது என்று பாட்டா சொல்லியிருக்கிறார்.

ரோமாபுரி வந்து சேர நேரம் ஆயிற்று. 1983 நவம்பர் 27-ல் புதிய சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. அடக்கம் மறுக்கும் பட்டியல் அதில் 1184-ம் பிரிவு. தன்னுயிரை மாய்த்தவர்கள் அதில் இல்லை. சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். 1992-ல் வந்த மறைக்கல்வி ஏடு இன்னும் ஒரு படி போய், அவர்களின் ரட்சிப்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழி இருக்கும் என்றது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகளைப் பற்றி 2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. அவர்கள் மீட்கப்படுவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என்று. பாட்டா பேரில்லாத பிள்ளைகளைப் புதைத்த மண்ணுக்கு மேலே அப்போது புல் முளைத்து நாற்பது வருஷம்.

சட்டம் எடுத்தாலும் சுவர் எளிதில் போகாது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நிற்கிற சுவரைப் பார்த்திருக்கிறேன். அங்கே அந்தப் பக்கம் போகப் பாவம்கூடச் செய்ய வேண்டியதில்லை. இன்ன ஜாதியில் பிறந்திருந்தால் போதும். எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் அதற்குப் பிரிவு எண் கிடையாது. தெம்மாடிக்குழிக்காவது ஒரு சந்து இருந்தது, சந்தேகம் என்ற சந்து. ஜாதியில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

எங்கள் மேற்குச் சுவர் இடம் போதாமையால் விழுந்தது. தொண்ணூறுகளில் உள்ளே குழிக்கு இடமில்லாமல் போனது. சுவரை இடித்து அந்தத் துண்டையும் சேர்த்து வளைத்தார்கள், கொல்லாமரங்களை வெட்டினார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியார் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. முதல் வருஷம் மட்டும் அங்கே வைக்கத் தயங்கினார்கள். பிறகு வளைகுடாப் பணம் வந்தது, குடும்பக் கல்லறைகள் வந்தன. இப்போது கறுப்புக் கிரானைட்டில் பேர் வெட்டி, போட்டோ பதித்து, சுற்றிலும் எவர்சில்வர் கம்பி. பாதைக்குப் பக்கமாக இருக்கிறது, காரில் வருகிறவர்களுக்குச் சௌகரியம் என்று அந்த மூலையைக் கேட்டுத்தான் சிபாரிசு வருகிறது. அஸ்திவாரம் தோண்டும்போது சின்னச் சின்ன எலும்புகள் வந்தன என்று மேஸ்திரி சொன்னார். ஒரு சாக்கில் கட்டி அங்கேயே ஓரமாகப் புதைத்தாராம். பாட்டா 1974-ல் போனார். அவர் கிடப்பது பழைய பக்கத்தில், மாதா கெபிக்குப் பின்னால்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு மென்பொருள் தந்திருக்கிறார்கள். பேர், வயசு எல்லாம் லத்தீன் புத்தகத்தைப்போலத்தான். புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள், மரணத்தின் காரணம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்; நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. அழுத்தினால் பட்டியல் இறங்குகிறது: முதுமை, நோய், விபத்து, தற்கொலை, மற்றவை. 1966-க்கு வந்து, சித்தியின் பேரை அடித்து, 31 என்று போட்டு, அந்தக் கட்டத்தில் நின்றேன். மற்றவை என்று கொடுத்தால் கீழே இன்னொரு கட்டம் திறந்து விவரம் கேட்கிறது. அதில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டுப் பார்த்தேன். எடுத்துக்கொண்டது.